ஒன்றுக்கு அந்தப் பக்கம்

திருநெல்வேலி டவுணில் சித்ரலேகாவைத் தெரியாதவர்கள் குறைவு. அவள் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. கீழ ரத வீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அம்பலவாணனின் மனைவி. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணக்கு விரிவுரையாளர். காலையில் டவுண் பஸ்ஸில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போய்ச் சாயங்காலம் அதே பாலத்தைத் தாண்டித் திரும்புகிறவள். இவ்வளவும் ஊருக்குத் தெரியும். வேலை பார்த்துக்கொண்டே டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்பதும் தெரியும், ஏனென்றால் அந்தப் படிப்பு முடிகிற பாடாக இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரி முதலில் கேட்பது அதைத்தான்.

"என்ன சித்ரா, ஒம் படிப்பு இன்னுமா முடியல?"

"முடிஞ்சுக்கிட்டே இருக்கு மைனி."

"அப்படி என்னதாம்ளா ஆராயுதே?"

அந்த இடத்தில் சித்ரலேகா சாம்பார் வாளிக்காரரைக் கூப்பிட்டுவிடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது. தாவரவியல் ஆராய்ச்சி என்றால் ஒரு செடியைக் காட்டலாம். சரித்திரம் என்றால் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டைக் காட்டலாம். 'க்யூ-நுண்கணிதத்தில் செங்குத்துப் பல்லுறுப்புக் கோவைகளின் குடும்பங்களை வகைப்படுத்துதல்' என்பதை ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் யாரிடம் சொல்வது?

கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டப் பார்க்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பயப்பட இதில் ஒன்றும் கிடையாது. வாயைப் பிளக்கத்தான் நிறைய இருக்கிறது, சித்ரலேகா பிளந்தாளே, அந்த மாதிரி.

அவள் பிளந்தது மதுரையில், ஒரு கோடை விடுமுறையில். கல்லூரி ஆசிரியர்களுக்கு நடந்த பயிற்சி வகுப்பு. மேலிடத்து உத்தரவு என்று போனாளே தவிர ஆசைப்பட்டுப் போகவில்லை. வடக்கேயிருந்து வந்த ஒருவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பாதிப் பேர் தூங்கி விழுகிற நேரத்தில், கரும்பலகையில் x² என்று எழுதினார். அதை வகையிட்டால் 2x. இது பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொண்டு ஒன்றை மற்றொன்றுக்குப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டே போனால், கடைசியில் அந்த 2x கிடைக்கும். "இன்றைக்கு நாம் நெருக்கப் போவதில்லை" என்றார் அந்த மனிதர். ஒரு புள்ளி x. இன்னொன்று அதைக் க்யூ என்ற ஓர் எண்ணால் பெருக்கியது. இரண்டும் தள்ளித் தள்ளியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு அதே கணக்கைப் போட்டார். 2x வரவேண்டிய இடத்தில் (1 + க்யூ) பெருக்கல் x என்று வந்தது. க்யூ ஒன்றாகிவிட்டால் பழைய 2x.

சித்ரலேகாவுக்குக் கை மயிர் சிலிர்த்தது. வருஷக் கணக்காக அந்த இரண்டை எழுதி எழுதிச் சாக்பீஸைத் தேய்த்தவள் அவள். அந்த இரண்டுக்குள் ஒரு க்யூ ஒளிந்துகொண்டிருந்தது என்று ஒருவரும் அவளுக்குச் சொன்னதில்லை. அப்படியானால் மூன்றுக்குள்ளும் இருக்கும். கணக்கில் உள்ள எல்லாவற்றுக்குள்ளும் இருக்கும். அவளுக்குத் தெரிந்த கணக்கு முழுவதும் இன்னொரு பெரிய கணக்கில் க்யூ ஒன்றாகிற ஒரே ஓர் இடம் மட்டும்தான். அன்று விடுதி அறையில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கூட இருந்த டீச்சர், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தாள்.

ஊருக்குத் திரும்பியதும் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தாள். வழிகாட்டியாகக் கிடைத்தவர் பாளையங்கோட்டையில் இன்னொரு கல்லூரியில் கணக்குப் பேராசிரியராக இருந்த பாக்கியசீலன். அவர் காலமெல்லாம் படித்தது குழாய்க்குள் ஓடும் திரவத்தில் சூடு எப்படிப் பரவுகிறது என்பதை. முதல் நாளே கையை விரித்துவிட்டார். "எனக்கு இது தெரியாதும்மா. நீ சொல்லு, நான் சந்தேகம் கேக்கேன். அவ்வளவுதான் என்னால முடியும்." அந்த ஏற்பாடு இரண்டு பேருக்கும் ஒத்துவந்தது.

செங்குத்துப் பல்லுறுப்புக் கோவை என்று நீட்டி முழக்கினாலும் விஷயம் எளிது. ஒரு குடும்பம். அதில் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று முடிவில்லாமல் வரிசையாகக் கோவைகள். ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழாதபடி எல்லாம் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்க வேண்டும். இதில் அதிசயம் என்னவென்றால், முடிவில்லாத அந்த வரிசையில் அடுத்ததைக் கட்ட அதற்கு முந்தைய இரண்டு மட்டும் போதும். கடைசியாக வந்ததை x-ஆல் பெருக்கி, அதற்கு முந்தையதை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கிக் கழித்தால், அடுத்தது கைக்கு வந்துவிடும். அந்தப் பெருக்கு எண்களின் வரிசைதான் குடும்பத்தின் அடையாளம். அந்த எண்கள் தெரிந்தால் குடும்பமே தெரியும். (ஒரு சில குடும்பங்களுக்கு இன்னும் ஒரு வரிசை எண்கள் வேண்டும்; அதை விட்டுவிடுவோம்.)

இப்படி எத்தனையோ குடும்பங்களை இருநூறு வருஷமாக யார் யாரோ கண்டுபிடித்து, அவரவர் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். பிறகுதான் தெரிந்தது, அவை தனித்தனி இல்லை. மேலே a, b, c, d என்று நாலு எழுத்துகளோடு ஒரு பெரிய குடும்பம்; எழுத்துக்கு எந்த எண்ணையும் வைக்கலாம். அதில் ஓர் எழுத்தைச் சுழியாக்கினால் கீழே இன்னொன்று. இன்னோர் எழுத்தையும் எடுத்தால் அதற்கும் கீழே வேறொன்று. இப்படி இறங்கி இறங்கி அடியில் எழுத்தே இல்லாத ஹெர்மிட் குடும்பம். இந்த இறக்கத்தை வரைந்தால் க்யூ-வோடு ஒரு படம், க்யூ இல்லாமல் ஒரு படம். க்யூ ஒன்றை நோக்கி வர வர முதல் படம் அப்படியே இரண்டாம் படத்தின் மேல் போய்ப் படியும். சித்ரலேகா அந்தப் படத்தை ஜவுளிக்கடைக் காலண்டரின் பின்பக்கத்தில் வரைந்து அடுக்களைச் சுவரில் ஒட்டியிருந்தாள். தோசை வார்க்கும்போது பார்த்துக்கொண்டே நிற்பாள். அதனால் தீய்ந்த தோசைகளுக்குக் கணக்கே இல்லை. அம்பலவாணன் அவற்றைப் பேசாமல் தின்றார்.

தொடக்க காலத்தில் ஒரு நாள், பழக்கத்துக்காக, ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்த ஒரு க்யூ-ஹெர்மிட் குடும்பத்தை எடுத்து, க்யூவுக்கு அரை என்று போட்டுப் பெருக்கு எண்களைக் கணக்கிட்டாள். 1, 6, 28, 120, 496 என்று வந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆறை மீதியில்லாமல் வகுக்கும் சின்ன எண்கள் ஒன்று, இரண்டு, மூன்று. கூட்டினால் திரும்பவும் ஆறு. இருபத்தெட்டும் அப்படி. நானூற்றுத் தொண்ணூற்றாறும் அப்படி. நிறை எண்கள் என்பார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் கிரேக்கத்தில் கண்டுபிடித்த எண்கள், கூப்பிடாமலே இங்கே எதற்கு வந்து உட்கார்ந்திருக்கின்றன? நடுவில் நூற்றிருபது மட்டும் ஆள்மாறி நிற்கிறது. காரணத்தைப் பிறகு கண்டுபிடித்துவிட்டாள்; காரணம் தெரிந்த பிறகும் ஆச்சரியம் குறையவில்லை. கடையிலிருந்து வந்த கணவரை வாசலிலேயே நிறுத்திச் சொன்னாள். அவருக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அந்த வாரம் புதிதாக வாங்கிய சூட்கேஸின் எண்பூட்டுக்கு 496 என்று வைத்துக்கொண்டார். மனைவி மகிழ்ந்த எண், மறக்காது என்பது அவர் கணக்கு.

பிறகு அவள் தனக்கென்று ஒரு குடும்பத்தைத் தேடத் தொடங்கினாள். சில நிபந்தனைகளை வைத்துக்கொண்டாள். வரிசையின் கோவைகள் செங்குத்தாக இருக்க வேண்டும். க்யூ-வகையிடலால் ஒரு படி இறங்கினாலும் குடும்பத்தை விட்டு வெளியே போய்விடக் கூடாது. இன்னும் இரண்டொரு நிபந்தனைகள், அவளே யோசித்து வைத்தவை. விடைத்தாள் திருத்துகிற விடுமுறைகள், ஐப்பசி மழையில் பஸ் வராமல் நிறுத்தத்திலே நின்ற நேரங்கள், எல்லாம் அதற்கே போயின. கடைசியில் மூன்று எழுத்துகளோடு ஒரு குடும்பம் வந்து நின்றது. அது சுவரில் இருந்த படத்தில் எங்கேயும் இல்லை. மதுரைக்கும் சென்னைக்கும் போய் நூலகங்களில் தேடினாள். வெளிநாட்டுக்காரர்களுக்கு அட்டை எழுதிப்போட்டுக் கட்டுரைகளை வரவழைத்தாள். ஒருவரிடமும் இல்லை.

பாக்கியசீலன் சந்தேகம் கேட்டுக் கேட்டு ஓய்ந்த பிறகு, இருவர் பெயரிலும் கட்டுரையைக் கல்கத்தாவில் ஒரு சஞ்சிகைக்கு அனுப்பினார்கள். 'ஒரு புதிய குடும்பம்' என்று தலைப்பு. ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. பாக்கியசீலன் ஓய்வு பெறுவதற்கு முன் வரப்போகிற கடைசிக் கட்டுரை அது. அவர் சந்தோஷத்தில், "இனிமே இதுக்குச் 'சித்ரலேகா பாலினாமியல்'னுதான் பேரு" என்று யாரிடமோ சொல்லிவிட்டார். கணக்கு உலகில் இப்படி ஒரு பெயரை நாமே வைத்துக்கொள்வது வழக்கமில்லை; நாலு பேர் பயன்படுத்திப் பயன்படுத்தி அதுவாக ஒட்ட வேண்டும். இந்த நாசூக்கெல்லாம் கல்லூரி முதல்வர் மஹாலக்ஷ்மிக்கு எதற்கு? மறுவாரமே பாராட்டு விழா என்று முடிவாகி, அழைப்பிதழில் 'சித்ரலேகா பல்லுறுப்புக் கோவைகளைக் கண்டறிந்த' என்று தடித்த எழுத்தில் அச்சாகிவிட்டது. டவுணில் விஷயம் பரவியது. எதற்கு விழா என்று புரியாவிட்டாலும், நம்ம தெருப் பிள்ளையின் பெயர் கணக்குப் புத்தகத்தில் ஏறப்போகிறது என்பது எல்லாருக்கும் புரிந்தது. அவளுக்கும் உள்ளுக்குள் அந்த ஆசை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். சுவரில் இருந்த படத்தில், தன் பெயருக்கென்று ஓர் ஓரத்தில் பென்சிலால் ஒரு கட்டம்கூடப் போட்டு வைத்திருந்தாள்.

விழாவுக்கு முந்தைய சனிக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து வெற்றிலையை மடித்துக்கொண்டே அம்பலவாணன் கேட்டார்.

"ஏளா, கடைக்கு வாரவன்லாம் எங்கிட்ட கேக்கான், அது எப்படி இருக்கும்னு. நான் கண்டனா? ஒரு நாளாவது எங்கண்ணுல காட்டேன்."

"காட்டுதேன். ஆனா கொட்டாவி விடக்கூடாது."

சேலை வைத்து வரும் அட்டைப் பெட்டியின் மூடி ஒன்று கிடந்தது. அதைத் திருப்பி வைத்து எழுத உட்கார்ந்தாள். புருஷனுக்காகக் கணக்கை எளிமையாக்கினாள். மூன்று எழுத்துகளையும் சுழியாக்கினாள். கட்டுரையில் ஒவ்வொரு கோவைக்கும் முன்னால் நீளமான ஒரு கெழு இருக்கும். அதை வகுத்து எடுத்து, தலையில் ஒன்று என்று ஆக்கினாள். மிஞ்சியது க்யூ ஒன்றுதான்.

"க்யூவுக்கு அரைன்னு போட்டா எல்லாம் பின்னமா வரும் அத்தான். எட்டுல மூணு, முப்பத்திரண்டுல ஏழுன்னு. உங்களுக்கு ஆகாது. ரெண்டுன்னு போட்டுருதேன்."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் துறையில் யார் கட்டுரை எழுதினாலும் முதல் பக்கத்தில் ஒரு வரி இருக்கும்: 'இக்கட்டுரை முழுவதும் க்யூ சுழிக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்டது.' கூட்டல்கள் முடிவில்லாமல் பெருகிவிடாமல் இருக்க இது ஒரு பாதுகாப்பு. எல்லாரும் எழுதுகிறார்கள் என்று எல்லாரும் எழுதுவார்கள். சித்ரலேகாவும் ஒவ்வொரு தடவையும் பிள்ளையார் சுழி போல அதைப் போட்டுவிட்டுத்தான் மேலே போவாள். போட்ட பிறகு அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. க்யூவுக்கு இரண்டு என்று வைத்துக் கணக்குப் போட்டது அன்றுதான், அதுவும் கணவருக்குப் பின்னம் பிடிக்காது என்பதற்காக.

பெருக்கு எண்களை ஓரத்தில் எழுதிக்கொண்டாள். கழித்தல் 1. கழித்தல் 6. கழித்தல் 28.

கை நின்றது. பிறகு பைய எழுதினாள். கழித்தல் 120. கழித்தல் 496.

"இது நம்ம சூட்கேஸ் பூட்டு நம்பர்லா!" என்றார் அம்பலவாணன், தெரிந்த ஆளைக் கூட்டத்தில் பார்த்துவிட்ட சந்தோஷத்தில்.

அவள் அந்த எண்களை வைத்துக் கோவைகளைக் கட்டினாள். x² + 1. x³ + 7x. x⁴ + 35x² + 28. பக்கத்தில், பழைய க்யூ-ஹெர்மிட் குடும்பத்தைக் க்யூவுக்கு அரை வைத்து எழுதினாள். x² − 1. x³ − 7x. x⁴ − 35x² + 28. எண்கள் ஒன்றுகூட மாறவில்லை. குறிகள் மட்டும் இங்கொன்றும் அங்கொன்றுமாக மாறியிருந்தன. அதற்கும் ஒரு வழி உண்டு; x-ஐ ஒரு கால் சுற்றுத் திருப்பி வைத்தால் குறிகள் சரியாகிவிடும். இரண்டின் தலைகீழ் அரை. அவளுடைய புதிய குடும்பத்தில் க்யூவைத் தலைகீழாக்கினால் பழைய குடும்பம். அவ்வளவுதான்.

எழுத்துகளைச் சுழியாக்கியதால் வந்த வினையாக இருக்கும் என்று மூன்று எழுத்துகளையும் திரும்ப வைத்துப் பார்த்தாள். பெட்டி மூடி போதவில்லை. அம்பலவாணன் கடையைத் திறக்கப் போகாமல், சேலைப் பெட்டிகளாகப் பிரித்துக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோயிலில் சாயரட்சை மணி அடிக்கிறபோது எல்லாம் முடிந்துவிட்டது. மூன்று எழுத்துகளும் படத்தில் உள்ள ஒரு பழைய குடும்பத்தின் எழுத்துகளோடு ஒன்றுக்கொன்று பொருந்தின. ஒன்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிற வரை புதிதாகத் தெரிந்தது, அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் எல்லாருக்கும் தெரிந்த பழைய ஆள்.

"புதுசு இல்ல அத்தான்" என்றாள். பிறகு அழுதாள்.

அம்பலவாணனுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். கொஞ்ச நேரம் அந்த இரண்டு வரிசைகளையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "குலசைத் தசராவுக்கு நம்ம பால்காரன் காளி வேசம் கட்டி வந்தாம்லா, காசு போட்டுக் கும்பிட்டுட்டு அப்புறமா மொகத்தப் பாத்து ஏலே நீயான்னு கேட்டனே, அந்தக் கதையா?" என்றார்.

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அதே கததான்" என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் ஆராதனை முடிந்து பாக்கியசீலன் வீடு திரும்பியபோது, சித்ரலேகா அட்டைகளோடு அவர் வீட்டு வாசலில் நின்றாள். சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். சந்தேகம் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சித்ரா, நான் ஒன்னு சொல்லுதேன், தப்பா நெனைக்காத. முதல் பக்கத்துலயே எழுதிருக்கோம்லா, க்யூ ஒன்னுக்குக் கீழன்னு. அந்த வரிக்குள்ள நின்னு பாத்தா நம்ம எழுதுனது ஒன்னும் பொய் இல்ல. கணக்கு எல்லாம் சரி. தலைப்புல ஒரே ஒரு வார்த்தைதான் தப்பு."

"புதியங்கிற வார்த்தை."

"ஆமா. அதையும் யாரு ஒன்னுக்கு அந்தப் பக்கம் போயிப் பாக்கப் போறான்? எனக்குத் தோணலையே. கல்கத்தாக்காரங்களுக்கும் தோணல. ஒனக்கே நேத்துத்தான் தோணிச்சு."

அவர் கெட்டவர் இல்லை. ஓய்வு பெறப்போகிற மனிதர். கடைசிக் கட்டுரை. அது சித்ரலேகாவுக்குத் தெரியும். தன் பெயரும் கண்முன் நின்றது, அழைப்பிதழில் இருந்த தடித்த எழுத்தில். ஒரு வார்த்தையைத் தொடாமல் விட்டால் போதும்; பட்டம், விழா, பெயர், எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். இதைத் தெரிந்துகொண்டு வந்து கேட்க இந்த ஆற்றங்கரை நெடுக ஓர் ஆள் கிடையாது.

"ராத்திரி தூக்கம் வரல சார்" என்றாள் கடைசியில். "முதல்ல வெக்கமா இருந்துச்சு. பொறவு வேற மாதிரி ஆயிட்டுது. நான் யாரு பேப்பரையும் பாத்துப் போடல. பஸ் ஸ்டாப்புல நின்னு, அடுக்களையில நின்னு, எனக்குத் தோணுன நிபந்தனைய வச்சு நானா போட்ட கணக்கு. அது வேற எங்கயும் போவாம நேரா அங்கனயே போயி நிக்குது. எவரோ ஒருத்தர், எந்தத் தேசத்துலயோ, வேற எதுக்கோ கண்டுபிடிச்சு வச்ச எடத்துல. ஒரு எழுத்து பிசகல சார். அப்பம் அங்கன நெசமாவே ஒன்னு இருக்கு. நாம பாத்தாலும் பாக்காட்டாலும் இருக்கு. நெனச்சா பயமா இருக்கு, நல்ல பயம். அது மேல புதுசுன்னு எம் பேர எழுதி ஒட்டுனா, நேத்துப் பாத்தத நான் பாக்கலன்னு ஆயிரும்."

பாக்கியசீலன் அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "496 வந்துச்சுன்னு நீ அன்னைக்கு ஓடிவந்து சொன்னது ஞாபகம் இருக்கு" என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சரிம்மா. கட்டுரையப் போட வேண்டாம்னு நாளைக்குக் கல்கத்தாவுக்குத் தந்தி அடிச்சிருவோம். எம் பேர்லயே அடிக்கேன்."

கல்லூரி முதல்வரிடம் சொல்வதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. மஹாலக்ஷ்மி கேட்டுவிட்டு, "சால்வை வாங்கியாச்சேம்மா" என்றார். அவருடைய கவலை அவருக்கு. விழா நின்றது. சால்வை அந்த வருஷம் ஓய்வு பெற்ற தமிழ்த்துறைத் தலைவரின் தோளுக்குப் போயிற்று. டவுணில் இரண்டு வாரம் பேசினார்கள். கணக்குத் தப்பாகப் போட்டுவிட்டாளாம் என்று ஒரு கட்சி, யாரோ வெள்ளைக்காரன் திருடிவிட்டானாம் என்று ஒரு கட்சி. பந்தியில் பக்கத்து இலைக்காரிகள் படிப்பைப் பற்றிக் கேட்பதை நிறுத்தினார்கள். அது கேட்பதைவிட உறைத்தது.

சித்ரலேகா காலண்டர் படத்தில் பென்சிலால் போட்ட கட்டத்தை அழித்தாள். ஆனால் ஒரு கேள்வி அவளை விடவில்லை. நான் ஏன் அங்கேயே போய் நின்றேன்? வேறு எங்கும் போக முடியாமல் எது தடுத்தது? அந்த நிபந்தனைகள்தான் தடுத்தன என்றால், அவற்றுக்கு உட்பட்டு வேறு இடமே கிடையாதோ?

இந்தத் தடவை முதல் பக்கத்தில் அந்த வழக்கமான வரியை எழுதவில்லை. க்யூவை அவிழ்த்துவிட்டாள். ஒன்றுக்குக் கீழேயும் போகட்டும், மேலேயும் போகட்டும். எழுத்துகளுக்கு என்ன மதிப்பு வேண்டுமானாலும் வரட்டும். ஒவ்வொரு வழியாக எடுத்துக்கொண்டு அது முடிகிற வரை போனாள். ஒவ்வொரு கதவாகத் திறந்ததில் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஏற்கெனவே ஓர் ஆள் இருந்தது. எங்கேயாவது ஒரு காலி அறை கிடைத்துவிடாதா என்று முதலில் ஏங்கினாள். மறைக்க என்ன இருக்கிறது, ஆசை லேசில் விடுமா? போகப் போக ஏக்கம் மாறி, காலி அறை எதுவும் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்ளத் தொடங்கினாள். அத்தனை பேர் அத்தனை ஊர்களில், ஒருவரை ஒருவர் அறியாமல், ஆளுக்கொன்றாகக் கண்டெடுத்தவை. எல்லாம் சேர்ந்து ஒரு வீடு நிறைந்திருக்கிறது, ஓர் அறை மிச்சமில்லை, ஓர் ஆள் கூடுதல் இல்லை. ஒன்றுக்கு இந்தப் பக்கம் ஒரு பெயரும் அந்தப் பக்கம் வேறு பெயருமாக இருந்தவை, நடுவில் இருந்த அந்த வரியை எடுத்ததும் ஒன்றேயாகிவிட்டன. கடைசி வழியும் தெரிந்த ஒரு குடும்பத்தில் போய் முடிந்த அன்று, அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு அடுக்களைச் சுவருக்கு முன்னால் போய் நின்றாள். கும்பிட வேண்டும் போல இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்பதால் கும்பிட்டாள்.

ஆய்வேடு அதுதான் ஆயிற்று. புதிய குடும்பம் ஒன்றும் அதில் இல்லை. இந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு இவற்றைத் தவிர வேறு குடும்பம் கிடையாது என்பதற்கான நிரூபணம் இருந்தது.

பல்கலைக்கழகத்தில் வாய்மொழித் தேர்வு எல்லார் முன்னிலையிலும் நடக்கும். யாரும் வந்து உட்காரலாம், யாரும் கேள்வி கேட்கலாம் என்பது விதி. வழக்கத்தில் வருகிறவர்கள் கடைசியில் கொடுக்கும் கேக்குக்கும் மிக்சருக்கும் வருகிறவர்கள். ஓய்வு பெற்றிருந்த பாக்கியசீலன் முன் வரிசையில் இருந்தார். கடையை அடைத்துவிட்டு வந்த அம்பலவாணன் கடைசி வரிசையில், அவருக்கு ஒத்துவராத முழுக்கைச் சட்டையில் இருந்தார்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பெரிய ஆள். ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "இவ்வளவு உழைச்சிருக்கீங்க. ஆனா புதுசா ஒரு குடும்பம்கூட இல்லையேம்மா?"

"இல்ல சார். ஒரு காலத்துல கண்டுபிடிச்சுட்டதா நெனச்சேன். இதுக்கு மேல கிடையாதுங்கிறததான் இதுல காட்டியிருக்கேன்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அதற்குப் பிறகு கேட்ட கேள்விகள் வேறு குரலில் இருந்தன. நிரூபணத்தின் ஒவ்வொரு மூலையையும் தட்டிப் பார்த்தார். அவள் ஒவ்வொன்றுக்கும் கரும்பலகைக்குப் போனாள். எல்லாம் முடிந்ததும் தலைமை தாங்கியவர் வழக்கப்படி, சபையில் யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

கடைசி வரிசையில் அம்பலவாணன் எழுந்து நின்றார்.

சித்ரலேகாவுக்குக் கையிலிருந்த சாக்பீஸ் நழுவியது. மனுஷன் என்னத்தைக் கேட்கப் போகிறாரோ?

"மேடம்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. "க்யூ ஒன்னுக்கு அந்தப் பக்கமும் போயிப் பாத்தாச்சா?"

மாணவர்கள் சிலர் சிரித்தார்கள். தேர்வாளர் சிரிக்கவில்லை. "கேட்க வேண்டிய கேள்விதான்" என்று சொல்லிவிட்டுச் சித்ரலேகாவின் பக்கம் திரும்பினார்.

அவளுக்குச் சேலை அட்டைப் பெட்டிகள் ஞாபகம் வந்தன. காப்பி ஞாபகம் வந்தது. அந்தப் பெயர் போனதில் இவருக்கு எவ்வளவு வருத்தம் இருந்திருக்கும், ஒரு நாளும் சொன்னதில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. கண் நிறைந்துவிட்டது. கரும்பலகை தெரியவில்லை.

"பாத்தாச்சு" என்றாள். "அந்தப் பக்கமும் இதேதான் இருக்கு, அத்தான்."

தேர்வுக் குறிப்பில் அந்தக் கேள்வியும் பதிலும் முறைப்படி ஏறின. பதிலின் கடைசி வார்த்தையை மட்டும் பாக்கியசீலன் எட்டிப் பார்த்து அடிக்கச் சொன்னார்.